மானி வாசிப்பு

கோண்டாவில் கிழக்கு, இருபத்தாறாம் இலக்கம்.
பதினொரு வருசமாய் ஒரே எண்:
நாற்பதாயிரத்து இருநூற்றுப் பதினேழு.
நிலையான கட்டணத்தை மட்டும்
எங்கிருந்தோ யாரோ ஒழுங்காய்க் கட்டினார்கள்.
மதிலால் எட்டிப் பார்த்தே எழுதிவிடுவேன்.
ஆளில்லா வீடுகளில் எனக்குக் கால்வலி மிச்சம்.

இந்த மாசம் தகடு ஓடியது.

கள்ளக் கரண்ட் என்றுதான் நினைத்தேன்.
கொக்கி ஏதும் தொங்குதோ என்று
அண்ணாந்த போது கண்டேன்,
கூரை விளிம்பில், குளவிக்கூட்டுக்குப் பக்கத்தில்
ஒரு கமரா.
முற்றத்து மரத்தில் இன்னொன்று.
கிணற்றடிப் பக்கம் திரும்பியபடி மூன்றாவது.

பக்கத்து வீட்டுக் கோமளேஸ்வரி
வேலிக்கு மேலால் சொன்னா:
"சிந்துஜா பூட்டுவிச்சவள், கனடாவிலையிருந்து.
அவளுக்கு வேலையும் உதுதானாம்.
ஊருலகத்துப் படமெல்லாம் குவிச்சு வைக்கிற கட்டடம்,
அது சூடேறாமல் பாக்கிறது.
அங்கை அணுவுலைக் கரண்ட்.
மழை இருட்டினாலும் நிக்காதாம்."

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு
தன் மீற்றரைக் காட்டினா.
"முப்பது தாண்டிச்சே?"
இருபத்தெட்டு.
முப்பது தாண்டினால் விலை வேறு.
அந்த இரண்டு யுனிற்றுக்காக
இரவில் பிரிட்ஜை நிறுத்திவிட்டு
விடியப்புறம் மீன்குழம்பை முகர்ந்து பார்க்கிற மனுசி.

ஆளில்லாத வீட்டுக்கு நாற்பத்தொன்று.

அப்படி என்னதான் நடந்தது அங்கே?
வேப்பம்பூ கொட்டியது.
ஒரு கீரி குறுக்கே போய்
ஏதோ மறந்ததுபோலத் திரும்பி வந்தது.
மழை வரப்பார்த்து, வரவில்லை.
இவ்வளவும் கடலுக்கடியால் போய்
குளிரூட்டிய மண்டபமொன்றில் முப்பது நாள் இருக்குமாம்.
அந்தக் குளிருக்காக
ஏதோ ஏரிக்கரையில் அணுக்கள் பிளந்து
தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும்.

உயர்தரத்தில் பௌதிகம் படித்தவள் நான்.
இரண்டுதரம் எழுதியும் மூன்று எஸ்.
ஆனாலும் அந்த ஒரு பாடம் நினைவிருக்கிறது:
பிளக்கும்போது திணிவு கொஞ்சம் காணாமல் போகும்,
போனது சக்தியாய் வந்து சேரும்.
இங்கே காணாமல் போனவர்களைப் பற்றி
அந்தப் புத்தகத்தில் பயிற்சிக் கணக்கு
ஒன்றும் இருக்கவில்லை.

"அக்கா, எத்தினை?"

குளவிக்கூடு பேசுகிறது என்று
கையிலிருந்த பில் புத்தகத்தைப் போட்டுவிட்டேன்.
"பயப்பிடாதேங்கோ, நான்தான், சிந்துஜா.
இங்கை சாமம். இரவு வேலை."
பின்னால் பெரிய இரைச்சல்,
ஆயிரம் மின்விசிறி ஒன்றாய்ச் சுற்றுவது போல.

"நாப்பத்தொண்டு," என்றேன்.
"அவ்வளவே?" சிரித்தாள்.
"இங்கை ஒரு அலுமாரி
நான் தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ளை
அதைக் குடிச்சிடும்.
இன்னும் ஆயிரம் அலுமாரி வருகுதாம்.
பழைய உலை ஒண்டைத் திரும்ப மூட்டப் போகினமாம்."
குரலில் பெருமையா, களைப்பா,
இரைச்சலில் பிரித்தறிய முடியவில்லை.

கொஞ்ச நேரம் அந்த இரைச்சல் மட்டும்.
பிறகு கேட்டாள்:
"அக்கா, ஒரு உதவி.
படலை சும்மா கொழுவித்தான் கிடக்கு, உள்ளுக்கு வாங்கோ.
கிணத்திலை கப்பி இருக்கோ பாருங்கோ.
கமராவுக்கு அந்த மூலை தெரியேல்லை."

போனேன். கப்பி தொங்கிய இடத்தில்
ஒரு கம்பி வளையம் மட்டும் தொங்கியது.
இரும்புக்கு இப்போது நல்ல விலை.

திரும்பி வந்து கூரையைப் பார்த்துச் சொன்னேன்:
"இருக்குது."

"உண்மையாவே?"
"ஓம். துரு பிடிச்சிருக்குது. ஆனால் இருக்குது."

அந்தப் பொய் இப்போது
எனக்குத் தெரியாத நாட்டுக் குளிரில்,
என் வியர்த்த முகத்தோடு,
யாரோ காவல் காக்க இருக்கிறது.
அடுத்த வாசிப்புக்கு நான் வரமுன்
அழிந்துவிடும்.
அதை வைத்திருக்கச் செலவானது
ஒரு மீற்றரிலும் பின்னோக்கி ஓடாது.

பில்லைப் படலையில் செருகினேன்.
நாற்பதாயிரத்து இருநூற்று ஐம்பத்தெட்டு.